கற்களைச் சேர்த்த முன்னோரும் கற்க வேண்டிய நாமும்

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்பாளன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...

மண்ணுக்குள் மாணிக்கத்தையும் கடலுக்குள் முத்தையும் மறைத்து வைத்து, அவற்றைத் தேடி அறியும் ஆற்றலை மனிதனுக்கு வழங்கிய வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



பட்டாசு ஆலையொன்றில் மருந்து செலுத்தும் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர், இஷா தொழுகைக்குப் பின் நம்மைத் தனியே சந்தித்தார். அவர் விரலில் வெள்ளி மோதிரம் ஒன்று. அதில் செந்நிற அகீக் கல் பதிக்கப்பட்டிருந்தது. வெளியூர் வியாபாரி ஒருவரிடம் பதினோராயிரம் ரூபாய்க்கு வாங்கியதாகவும், அதில் பாதி கடன் என்றும் கூறினார். இக்கல்லை அணிந்தவரைத் தீ அண்டாது, வறுமை தீண்டாது என்று ஹதீஸிலேயே வந்திருப்பதாக விற்றவர் சொன்னாராம்.

“ஹஜ்ரத், மருந்து அறைக்குள் போகும்போது மோதிரத்தைக் கழற்றி வைக்கும்படி போர்மேன் சொல்கிறார். விற்றவரோ, கழற்றினால் பலன் போய்விடும் என்கிறார். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், இது அசல் கல்தானே?” என்று கேட்டார்.

அவர் கேட்டது ஒரு கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருந்தன. கல் அசலா? கல்லைப் பற்றிச் சொல்லப்பட்ட ஹதீஸ் அசலா? போர்மேன் சொல்லைக் கேட்பதா, வியாபாரி சொல்லைக் கேட்பதா? இம்மூன்றுக்கும் விடை தேடி நம் முன்னோரின் வரலாற்றைப் புரட்டியபோது கிடைத்தவற்றை இவ்வாண்டு மலரின் வாயிலாகப் பகிர்ந்து கொள்கிறோம்.

கல்லைப் பார்ப்பதும் ஓர் இபாதத்தே

திருக்குர்ஆனின் ஃபாத்திர் அத்தியாயத்தில், மலைகளில் வெண்மையும் செம்மையும் கரும் நிறமுமாகப் பல வண்ணப் பாதைகள் அமைந்திருப்பதை அல்லாஹ் சுட்டிக் காட்டுகின்றான். அதற்கு அடுத்த வசனத்திலேயே, அவனுடைய அடியார்களில் அவனை உண்மையாக அஞ்சுவோர் அறிஞர்களே என்கின்றான். மலையின் நிறத்தைச் சொன்ன இடத்தில் ஆலிம்களைச் சொன்னதில் நமக்கொரு பாடம் உண்டு. கல்லை உற்று நோக்குவதும் அதன் தன்மையை ஆராய்வதும் படைத்தவனை அறியும் வழிகளில் ஒன்றாகும்.

கல் பதித்த மோதிரம் அணிவது மார்க்கத்தில் விலக்கப்பட்டதன்று. நபி (ஸல்) அவர்களின் வெள்ளி மோதிரத்தில் அபிசீனியக் கல் பதிக்கப்பட்டிருந்ததாக அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அது அகீக்காகவோ ஜஸ்உ என்னும் வரிக்கல்லாகவோ இருக்கலாம் என இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கமளித்துள்ளார்கள். எனவே அழகுக்காக அணிவதில் தடையில்லை. கல்லுக்கு ஆற்றல் உண்டு என்று நம்புவதில்தான் ஆபத்து தொடங்குகின்றது. ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்கள், அது நன்மையோ தீமையோ செய்யாத கல் என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், நபியவர்கள் முத்தமிட்டதைக் கண்டிராவிட்டால் தாமும் முத்தமிட்டிருக்க மாட்டார் என்றும் மக்கள் முன்னிலையில் அறிவித்தார்கள். இச்செய்தி புகாரியில் உள்ளது. கஅபாவில் பதிக்கப்பட்ட கல்லுக்கே இந்த நிலை என்றால், கடைவீதியில் விற்கும் கல்லைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நிறுத்துப் பார்த்த அல்பிரூனி

கற்களைப் பற்றி ஆராய்ந்த முஸ்லிம் அறிஞர்களில் தலைசிறந்தவர் அபூரைஹான் அல்பிரூனி (ரஹ்) அவர்கள். 973இல் குவாரிஸ்ம் நாட்டில் பிறந்த இவர், கஸ்னி அரசவையில் வாழ்ந்த தம் இறுதிக் காலத்தில், சுல்தான் மவ்தூதின் ஆட்சியின்போது ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் நூலை எழுதினார். மணிகள், உலோகங்கள் ஆகிய இரண்டையும் பற்றிய நூல் அது. ஒவ்வொரு கல்லும் எந்நாட்டில் கிடைக்கும், எவ்வாறு தோண்டப்படும், நல்லது எது, கெட்டது எது, சந்தையில் என்ன விலை என்பனவெல்லாம் அதில் உண்டு.

நீர் நிரம்பிய பாத்திரத்தில் கல்லை இட்டு, வெளியேறும் நீரை நிறுத்து, அக்கல்லின் அடர்த்தியை அவர் கணக்கிட்டார். அவர் கண்ட அளவுகள் இக்கால ஆய்வுக்கூட அளவுகளுக்கு மிக நெருங்கியவை. இதன் பயன் என்ன? யாகூத் என்னும் மாணிக்கமும், பதக்ஷானிலிருந்து வந்த லஅல் என்னும் செங்கல்லும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும், நிறுத்தால் வேறுபடும். மாணிக்கம் கனமானது, கடினமானது. லஅல் அதனினும் இலேசானது. பிரிட்டிஷ் அரச கிரீடத்தில் நெடுங்காலம் மாணிக்கம் என்றே போற்றப்பட்ட பெரிய செங்கல் உண்மையில் லஅல் வகையைச் சார்ந்தது. ஐரோப்பிய அறிஞர்கள் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தறிந்தது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

அல்பிரூனியின் நூலில் நம் கேள்விக்கு நேரடியாகப் பயன்படும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் உருகிவிடும் என்று அக்காலத்தில் கற்றோரும் கல்லாதோரும் ஒருமுகமாக நம்பினர். நூல்களிலும் எழுதி வைத்திருந்தனர். அல்பிரூனி அதை மறுத்து வாதிடவில்லை, சோதித்துப் பார்த்தார். பாம்பின் கழுத்தில் மரகத மாலையை அணிவித்தார். அதன் கூட்டில் மரகதங்களைப் பரப்பினார். கண்ணெதிரே மரகதச் சரத்தை அசைத்தும் பார்த்தார். வெயில் காலத்திலும் குளிர் காலத்திலுமாக ஒன்பது மாதங்கள் வரை இதைச் செய்தும் பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை. பார்வை கூர்மையாயிற்றோ என்னவோ, மங்கவில்லை என்று நகைச்சுவையோடு எழுதி முடித்தார். பலர் சொன்னார்கள் என்பதற்காக ஒரு சொல் உண்மையாகிவிடாது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் அறிஞர் செய்து காட்டியிருக்கின்றார்.

அவருக்குப் பின் அல்காஸினி என்பார் 1121இல் எழுதிய ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலில், அசல் மணியையும் போலியையும் பிரித்தறியும் நுண்ணிய தராசை விவரித்தார். 1253இல் மறைந்த அத்தீஃபாஷி 25 வகைக் கற்களைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு கல்லுக்கும் அது உருவான காரணம், அதன் சுரங்கம், நல்லதும் கெட்டதும், அதன் தன்மைகள், அதன் விலை என ஐந்து தலைப்புகள் வகுத்துக் கொண்டார். கல்லுக்குப் பலன் கூறும் அக்கால வழக்கிலிருந்து அவரும் முற்றிலும் விடுபட்டவர் அல்லர். ஆயினும் சுரங்கம் எது என்று கேளாமல் அவர் எந்தக் கல்லையும் மதிப்பிட்டதில்லை.

நம் மண்ணில் அகீக்

இவையெல்லாம் தொலைதூரக் கதைகள் என்று எண்ணிவிட வேண்டாம். அகீக் என்று நாம் சொல்லும் கல்லுக்குத் தமிழில் சூதுபவளம் என்று பெயர். நம் விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரையில் தமிழகத் தொல்லியல் துறை 2022இல் தொடங்கிய அகழாய்வில், சங்கு வளையல்களோடும் கண்ணாடி மணிகளோடும் சூதுபவள மணிகளும் வெளிப்பட்டன. 2024இல், திமிலுடைய காளையின் உருவம் பொறித்த சூதுபவளக் கல்லொன்றும் கிடைத்தது. இன்று பட்டாசு ஆலைகள் நிறைந்திருக்கும் அதே வெம்பக்கோட்டை வட்டாரத்தில், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மக்கள் அகீக்கை அணிந்து மகிழ்ந்திருக்கின்றனர்.

ஈரோடு மாவட்டம் கொடுமணலில், நொய்யல் கரையில், மணிகள் செய்யும் தொழிற்கூடமே இருந்ததைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நடத்திய அகழாய்வுகள் காட்டின. பச்சைக்கல்லும் பளிங்கும் அருகிலிருந்தே கிடைத்தன. சூதுபவளமோ குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டுமென ஆய்வாளர் கருதுகின்றனர். அங்கே பரூச் நகருக்கு அண்மையிலுள்ள ரத்தன்பூர்ச் சுரங்கங்களும், கம்பாத் துறைமுகத்துக் கல் இழைப்போரும் உலகப் புகழ் பெற்றவர்கள். மங்கிய பழுப்பாகத் தோண்டப்படும் கல்லை வெயிலில் காய வைத்து, மட்கலத்தில் இட்டுச் சாண எருவின் தீயில் சுட்டால், அதிலுள்ள இரும்புச் சத்து சிவந்து கல் செந்நிறமாகும். கம்பாத்திலிருந்து இக்கற்கள் அரேபியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறின.

தெற்கே ஸரந்தீப் என்னும் இலங்கையின் மாணிக்கங்கள் அரபு நாடெங்கும் பெயர் பெற்றிருந்தன. 1344இல் அங்குச் சென்று பின்னர் மதுரை சுல்தானிடமும் வந்து தங்கிய இப்னு பதூதா (ரஹ்) அவர்கள், நிலத்தை விலைக்கு வாங்கி மாணிக்கம் தோண்டும் முறையையும், கிடைத்த கல்லைச் சாணை பிடிப்போரிடம் கொடுத்துத் தேய்த்தெடுப்பதையும் நேரில் கண்டு எழுதியுள்ளார்கள். நூறு பணம் பெறும் பெரிய கல் அரசருக்கு உரியது. அதுவும் விலை கொடுத்தே அவர் பெற வேண்டும். அதற்குக் குறைந்தது தோண்டியவருக்கே சொந்தம். இன்றும் பேருவளைச் சீனன்கோட்டையில் நம் தமிழ் பேசும் முஸ்லிம்கள் மாணிக்கச் சந்தையை நடத்தி வருகின்றனர்.

கல்லுக்கும் ஸனது உண்டு

அணியாகப் பூணுவதற்கன்றி, பூமியில் விளைந்த வடிவத்திலேயே கற்களைச் சேர்த்து வைப்போரும் உண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் பிறந்ததே இப்படித்தான். சென்னை இலக்கியக் கழகத்தார் சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ 1,100 கற்களும் கனிமங்களுமே அதன் முதல் மூலதனம். இத்தகைய கற்களை விற்கவும் வாங்கவும் அமெரிக்காவின் டூசான் நகரில் ஆண்டுதோறும் பெருஞ்சந்தை கூடுகின்றது. அங்குச் செல்லும் கற்களில் நம் நாட்டுக் கற்களுக்குத் தனி மதிப்பு உண்டு.

ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பொங்கிப் பரவி ஆறியபோது, அதனுள் வாயு தங்கிய இடங்கள் பொந்துகளாக நின்றன. பின்னர் அவற்றுள் ஊறிய நீர், கரைந்திருந்த தாதுக்களை மெல்ல மெல்லப் படிய வைத்தது. அகீக் அவ்வாறு விளைந்ததே. ஜல்காவ், நாசிக், புனே பகுதிகளின் கல் குவாரிகளில் கிடைக்கும் அபோஃபிலைட், ஸ்டில்பைட் போன்ற பளிங்குகளும் அவ்வாறே விளைந்தவை. புனேக்கு அருகில் வாகோலியில் கிடைக்கும் நீலநிறக் கவன்சைட்டுக்காக உலகெங்கும் சேகரிப்போர் காத்திருக்கின்றனர். சாலைக்கு ஜல்லி உடைக்கும் குவாரிகளில், வெடிக்குத் தப்பிய பொந்துகளிலிருந்து தொழிலாளர்கள் கவனமாக எடுத்துத் தருபவை இவை. நாசிக் மாவட்டம் சின்னாரில் இவற்றுக்கென்றே ‘கார்கோட்டி’ என்னும் அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

தேர்ந்த சேகரிப்பாளர் கல்லை வாங்கும் முறையை அறிந்தபோது நமக்கு வியப்பு மேலிட்டது. விளிம்பு உடையாமலிருக்கிறதா, பளபளப்பு இயற்கையானதா, உடைந்ததை ஒட்டியிருக்கிறார்களா, சாயமேற்றியிருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பார். அதன்பின் கல்லோடு வரும் சிறு சீட்டைக் கேட்பார். எந்தச் சுரங்கம், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பன அச்சீட்டில் இருக்கும். சீட்டுத் தொலைந்தால் கல் எவ்வளவு அழகாயிருந்தாலும் விலை வீழ்ந்துவிடும்.

மதரஸாவில் ஹதீஸ் கலை ஓதிய நமக்கு இது புதிதன்று. யார் யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா, இருவரும் சந்தித்தார்களா என்று அறிவிப்பாளர் வரிசையைச் சோதிப்பதே ஸனது. சொல் எவ்வளவு இனிமையாயிருந்தாலும் ஸனது பழுதானால் முஹத்திஸ்கள் ஏற்க மாட்டார்கள். அந்தச் சகோதரரிடம் வியாபாரி சொன்ன ‘அகீக் ஹதீஸை’ அவர்கள் எப்போதோ சோதித்து முடித்துவிட்டார்கள். அகீக் அணிவதன் சிறப்பைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமிருந்து உறுதியான எதுவும் இல்லை என இமாம் உகைலி (ரஹ்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். 1201இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள் அச்செய்திகளை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலேயே சேர்த்தார்கள். நபியவர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் கூறுவது எத்துணைப் பெரிய பாவம் என்பதை இங்கே விரிக்கத் தேவையில்லை.

வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

கற்களை வாங்கி விற்பது ஹலாலான வணிகமே. ஆயினும் குறையை மறைத்தல் கூடாது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, ஈரத்தை மக்கள் காண மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவி, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். ஒட்டிய பளிங்கும், சாயமேற்றிய அகீக்கும் உள்ளே ஈரமான தானியமே. சுட்டுச் சிவக்க வைத்திருந்தால் சுட்டதென்று சொல்லி விற்க வேண்டும். மறைத்து விற்றால், குறை தெரிந்தபின் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு ஃபிக்ஹ் சட்டப்படி உண்டு.

ஜகாத்தைப் பற்றியும் சிலர் வினவுகின்றனர். அணிவதற்கோ சேர்த்து வைப்பதற்கோ உள்ள மணிகளுக்கும் கற்களுக்கும் ஜகாத் இல்லை. விற்பனைக்காக வைத்திருப்பவையோ வியாபாரச் சரக்கு. ஆண்டு நிறைவில் அன்றைய சந்தை மதிப்பைக் கணக்கிட்டு, நிஸாபை அடைந்தால் இரண்டரை சதவீதம் வழங்குதல் கடமை.

நம் தொழிலாளர் கையில் உள்ள கற்கள்

செலஸ்டைன் என்னும் இளநீலப் பளிங்கை மேல்நாட்டார் கண்ணாடிப் பேழையில் வைத்து ரசிக்கின்றனர். அதிலிருந்து எடுக்கும் ஸ்ட்ரான்ஷியம் உப்புதான் நம் வாணவேடிக்கைக்குச் செந்நிறம் தருவது. பேரைட் கல்லிலிருந்து வரும் பேரியம் பச்சை நிறம் தந்தது. பட்டாசில் பேரிய உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்து, 2021இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. கந்தகமும் வெடியுப்பும் பூமியில் பளிங்காக விளைபவையே. வெடியுப்பை மரச்சாம்பல் கொண்டு தூய்மை செய்து பளிங்காக்கும் முறையை, 1295இல் மறைந்த சிரியா நாட்டு ஹஸன் அர்ரம்மாஹ் விரிவாக எழுதி வைத்தார். பிறர் பேழையில் வைக்கும் கற்களைத்தான் நம் மக்கள் பொடியாகக் கையில் அள்ளி உழைக்கின்றனர்.

அப்பொடி எவரையும் அறிந்து விலகுவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பதுக்கு நெருங்கிய உயிர்களும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களும் பறிபோயின. அவர்களில் எத்தனை பேர் கையில் கயிறும், கழுத்தில் தாயத்தும், விரலில் கல்லும் அணிந்திருந்தார்களோ! மருந்தை மூட்டுவது உராய்வும், தீப்பொறியும், வெப்பமுமே. மருந்து அறைக்குள் உலோக மோதிரம் அணிந்த விரலே ஓர் ஆபத்து. காப்பதற்கென்று வாங்கிய மோதிரம் கொல்வதற்கும் காரணமாகலாம்.

பித்தளை வளையம் அணிந்திருந்த ஒருவரிடம் நபி (ஸல்) அவர்கள் காரணம் கேட்டபோது, நோய்க்காக அணிந்ததாக அவர் கூற, அதைக் கழற்றுமாறும் அது பலவீனத்தையே கூட்டும் என்றும் கூறியதாக இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்னத் அஹ்மதிலும் இப்னு மாஜாவிலும் இடம் பெற்றுள்ளது. இதன் ஸனதிலும் அறிஞர்கள் பேசியுள்ளனர் என்பதைச் சொல்வது நம் கடமை. ஆயினும் அதன் கருத்து தவ்ஹீதின் அடிப்படைக்கு முற்றிலும் இயைந்தது.

அந்த மோதிரத்தை மதுரையில் கல் பார்க்கத் தெரிந்த முதியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். லென்ஸில் பார்த்தார், நிறுத்தார். “கல் அசல்தான் ஹஜ்ரத். குஜராத் கல், சுட்டது. வெள்ளியையும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் பெறாது” என்றார். ஆக, கல்லில் பொய்யில்லை. கல்லைப் பற்றிச் சொன்ன சொல்லில்தான் பொய். இன்னொன்றையும் அவர் சொன்னார். கம்பாத்தில் இக்கல்லை இழைப்போர் பலர், பறக்கும் கல் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்து, நுரையீரல் இறுகி இளவயதிலேயே மாண்டு போகின்றனர். இழைத்தவரின் நுரையீரலையே காக்காத கல், அணிந்தவரைத் தீயிலிருந்து எவ்வாறு காக்கும்?

இதை அந்தச் சகோதரரிடம் சொன்னபோது நெடுநேரம் மௌனமாக இருந்தார். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. மோதிரம் இப்போது அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அழகுக்காக அணிந்து ஜும்ஆவுக்கு வருகின்றார். மருந்து அறைக்குள் வெறுங்கையோடு செல்கின்றார்.

ஜமாஅத்தாரிடம் நம் வேண்டுகோள் இரண்டு. பலன் தரும் கல் என்று யாரேனும் விற்க வந்தால், பணம் கொடுக்குமுன் பள்ளிவாசலுக்கு வந்து கேளுங்கள். கல்லுக்கும் ஸனது கேளுங்கள். சொல்லுக்கும் ஸனது கேளுங்கள். இரண்டாவது, தீபாவளிக்கான வேலை மும்முரமாகும் மாதங்களுக்கு முன், ஆலைத் தொழிலில் அனுபவமிக்க போர்மேன்களை அழைத்து, பாதுகாப்பு முறைகளை நம் சகோதர சகோதரிகளுக்கு விளக்கும் கூட்டம் ஒன்றை ஆண்டுதோறும் நடத்தக் கமிட்டியார் ஆவன செய்ய வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

கல்லில் அழகையும், அறிவில் தெளிவையும், வணிகத்தில் நாணயத்தையும் காணும் பேற்றினை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக! பட்டாசுத் தொழிலில் உயிர் நீத்தோரின் குடும்பங்களுக்கு ஆறுதல் அளிப்பானாக! இன்று அதிகாலை வேலைக்குச் சென்ற ஒவ்வொருவரையும் மாலையில் நலமே வீடு சேர்ப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.